கொலராடோவில் இலையுதிர்கால ட்ரவுட்: ஃப்ளை தூண்டிலோடு முதல்முறை தண்ணீரில் இறங்குபவர்களுக்கு

டென்வர் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். செப்டம்பரில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாவதைப் பார்க்க மலைக்குப் போகிறீர்கள். வழியில் ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருக்கிறார், நமக்கும் ஆசை வருகிறது. ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனை, ஃப்ளை எனப்படும் பொய்ப் பூச்சியைக் கட்டிய தூண்டிலால் பிடிக்க அப்படி ஆசை வந்தவர்களுக்குத்தான் இது.

வீசக் கற்றுக்கொள்வது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. எந்த லைசென்ஸ் எடுப்பது, யார் நிலத்தில் நிற்கிறோம், எந்தக் கூழாங்கல் மேல் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காததால்தான் எனக்குப் பல சனிக்கிழமைகள் வீணாகப் போயின. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

கொலராடோவில் பெரும்பாலான ஆறுகளும் ஏரிகளும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அதனால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றும். ஆனால் இலையுதிர்காலத்துக்கு என்று ஒரு வரிசை உண்டு. மலை ஏரிகளுக்கு செப்டம்பர் முழுவதும், மிஞ்சிப்போனால் அக்டோபர் நடுப்பகுதி வரை போகலாம். அதற்குப் பிறகு பனி விழுந்து பாதை மூடும், ஏரி உறையத் தொடங்கும். ஆறுகளுக்கு அக்டோபரும் நவம்பரின் முதல் பாதியும் நல்ல காலம். எனவே மேலே இருக்கும் ஏரிகளை முதலில் முடித்துக்கொண்டு, அப்புறம் கீழே ஆறுகளுக்கு இறங்குங்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் தண்ணீர் சூடேறி, ட்ரவுட் தின்னும் பூச்சிகள் மேலே வர முற்பகல் ஆகிவிடும். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் பொன்னான நேரம். வீட்டில் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.

2. லைசென்ஸ்: ஆறு மாதக் கணக்குதான் எல்லாம்

பதினாறு வயது நிரம்பிய எல்லாருக்கும் கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

பெரியவர்களுக்குக் கட்டணம் இரண்டு விதம். மாநிலவாசிக்கு ஆண்டு லைசென்ஸ் சுமார் 40 டாலர். வெளியாளுக்கு 115 டாலருக்கு மேல். பணவீக்கத்தை ஒட்டி ஆண்டுதோறும் கட்டணம் கொஞ்சம் ஏறும் என்பதால் வாங்கும் நாளன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு 18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சுமார் 12 டாலருக்கு ஹேபிடட் ஸ்டாம்ப் என்ற வனவிலங்கு வாழிடக் கட்டணச் சீட்டு எடுக்க வேண்டும்.

மாநிலவாசி என்றால் இங்கே தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும். டெக்சஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ போன மாதம் மாறிவந்து, கொலராடோ டிரைவிங் லைசென்ஸ் கையில் வந்துவிட்டதால் நாமும் மாநிலவாசி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கார்டு வாங்கினால் போதாது, ஆறு மாதம் கழிய வேண்டும். பொய்யாக மாநிலவாசிக் கட்டணம் கட்டினால் அது குற்றம். அபராதத்தோடு லைசென்ஸ் உரிமையும் போகலாம்.

இன்னொரு பொறி, லைசென்ஸ் ஆண்டு. மார்ச் 1-ஆம் தேதி தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31-இல் முடியும். அக்டோபரில் ஆண்டு லைசென்ஸ் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு மாதம்தான். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு என் யோசனை, ஒருநாள் லைசென்ஸ் வாங்கிப் போய்வாருங்கள். வெளியாளுக்கே இருபது டாலருக்குள் முடிந்துவிடும். ஆறு மாதம் நிரம்பியதும் மாநிலவாசி ஆண்டு லைசென்ஸ் எடுத்தால் லாபம்.

தேவையான ஆவணங்கள்: புகைப்பட அடையாள அட்டை, வசிப்பைக் காட்டும் ஆதாரம், சோஷியல் செக்யூரிட்டி எண். இந்தக் கடைசி ஒன்றில்தான் நம் வீடுகளில் சிக்கல் வரும். டிபெண்டன்ட் விசாவில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ அந்த எண் இருக்காது. ஆன்லைனில் மல்லுக்கட்டாமல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு துறையின் அலுவலகத்துக்கோ, லைசென்ஸ் விற்கும் கடைக் கவுண்டருக்கோ நேரில் போய்விடுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா கையில் தூண்டிலைக் கொடுத்து "கொஞ்ச நேரம் பிடிங்கப்பா" என்று போட்டோ எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. நூல் தண்ணீரில் இருந்தால் அவர்களும் மீன் பிடிப்பதாகத்தான் கணக்கு. அவர்களுக்கும் ஒருநாள் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்.

3. யார் நிலம் என்று பார்க்காமல் காலை வைக்காதீர்கள்

மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஆற்றுத் தண்ணீர் பொது, அதனால் ஆற்றுக்குள் நடந்தால் யாரும் கேட்க முடியாது என்று நாம் நினைப்போம். மொன்டானாவில் அது பெரும்பாலும் சரி. கொலராடோவில் சரியில்லை. இங்கே தனியார் நிலத்தின் வழியாக ஓடும் ஆற்றின் அடித்தளமும் அந்த நிலக்காரருடையதுதான். 1979-இல் மாநில உச்ச நீதிமன்றம் நிலக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கரையில் கால் படாமல் தண்ணீருக்குள்ளேயே நடந்தாலும், அடியில் இருக்கும் கல்லில் கால் வைத்தால் அத்துமீறல்தான்.

"உள்ளே வராதே" என்ற பலகை இல்லையே என்று வாதாடவும் முடியாது. இந்த மாநிலத்தில் நிலக்காரர் பலகை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லை எங்கே என்று தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

நில உரிமையைக் காட்டும் ஆஃப்லைன் மேப் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு, நீங்கள் போகும் பகுதியை வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது. தேசியக் காடு, மாநில வனவிலங்குப் பகுதி, கவுண்டி ஓப்பன் ஸ்பேஸ் (மாவட்டத்தின் பொதுத் திறந்தவெளி), மேப்பில் இந்த மூன்றின் நிறங்களுக்குள்ளேயே முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். மாநில வனவிலங்குப் பகுதிக்குள் நுழைவதற்கே செல்லுபடியாகும் லைசென்ஸோ தனிப் பாஸோ வேண்டும், தூண்டிலே எடுக்காவிட்டாலும்.

4. சாமான்: எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது

ஒன்பது அடி நீளம், 5 வெயிட் ராடு, அதாவது 5-ஆம் எண் கனமுள்ள லைனை வீசும் கோல். ரீல், மிதக்கும் லைன் எல்லாம் சேர்ந்த செட்டாக 150 முதல் 250 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். ஆற்றுக்கும் ஏரிக்கும் இந்த ஒரே ராடு போதும். லைனின் நுனியில் ஒன்பது அடி 5 எக்ஸ் லீடர் என்ற மெல்லிய நூல், அதன் முனையில் நீட்டிக் கட்ட 5 எக்ஸ், 6 எக்ஸ் டிப்பெட் என்ற நுனி நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

பணத்தை வேடர்ஸில் போடுங்கள். வேடர்ஸ் என்பது நெஞ்சு வரை வரும் நீர்புகாத உடை. கோடையில் வெறும் காலோடு இறங்கிவிடலாம், அக்டோபரில் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். வேடர்ஸுக்கு 150 டாலரிலிருந்து, அதற்கான பூட்ஸுக்கு 100 டாலர் அளவில் ஆகும். முதல் தடவைக்கு ஃப்ளை கடைகளில் வாடகைக்கும் கிடைக்கும். இடுப்பு பெல்ட்டைக் கட்டாமல் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். வழுக்கி விழுந்தால் வேடர்ஸுக்குள் தண்ணீர் நிறைந்துவிடாமல் தடுப்பது அதுதான்.

போலரைஸ்டு கண்ணாடி அவசியம். அது இல்லாமல் தண்ணீருக்குள் மீனும் தெரியாது, குழியும் தெரியாது. ரப்பர் வலை, மீன் வாயிலிருந்து கொக்கி எடுக்க ஒரு ஃபோர்செப்ஸ், நூல் வெட்டி, இவ்வளவு போதும். பத்துப் பை வைத்த ஜாக்கெட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கையில் காசு இருந்தால் ஒரு நாள் கைடு வைத்துக்கொள்ளலாம். அரை நாளுக்கே 300 டாலருக்கு மேல் ஆகும், டிப்ஸ் தனி. இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். அதற்கு முன்னால் டென்வரைச் சுற்றியுள்ள ஃப்ளை கடைகளில் இலவச வகுப்பு நடக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். பூங்காப் புல்வெளியில் கொக்கி இல்லாமல் ஒரு சிறு நூல் கட்டி ஒரு மணி நேரம் வீசிப் பழகினால் முப்பது அடி தூரம் வந்துவிடும். அதற்கு மேல் தேவைப்படாது.

5. முதல் ஆறு: டெக்கர்ஸ்

டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், சவுத் பிளாட் ஆற்றங்கரையில் டெக்கர்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. மேலே சீஸ்மன் அணையின் அடியிலிருந்து தண்ணீர் வருவதால் கோடையில் கொதிக்காது, குளிரில் உறையாது. ரோட்டோரமாகவே தேசியக் காட்டு நிலத்தில் கார் நிறுத்த நிறைய இடம் உண்டு. இடையிடையே தனியார் நிலமும் வரும், மேப்பைப் பாருங்கள். செயற்கை ஃப்ளையும் லூர் என்ற செயற்கை இரையும் மட்டும்தான் அனுமதி. மண்புழு, மாவு, வாசனை இரை எதுவும் கூடாது.

இதற்கு மேலே சீஸ்மன் கேன்யன். கில் டிரெயில் வழியாக நடந்துதான் போக வேண்டும். அங்கே பிடித்த மீன் எல்லாவற்றையும் திரும்ப விட வேண்டும். அழகுக்கு ஈடே இல்லை, ஆனால் அந்த மீன்கள் தினமும் ஆட்களைப் பார்த்துப் பார்த்துத் தேறியவை. முதல் நாள் அங்கே போய் மனம் நொந்து திரும்ப வேண்டாம்.

கிளம்பும் முன் தண்ணீர் அளவைப் பாருங்கள். யூ.எஸ்.ஜி.எஸ். என்ற அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தளத்தில் ஆறு வாரியாக நொடிக்கு எத்தனை கனஅடி என்று போட்டிருக்கும். மேட்டூர் அணைச் செய்தியில் கேட்டுப் பழகிய அதே அளவுதான். டெக்கர்ஸில் 150-லிருந்து 300 வரை புதியவர்களுக்கு வசதி. 500-ஐத் தாண்டினால் நான் போக மாட்டேன்.

என்ன ஃப்ளை? ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி. ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று டாலர். இந்தப் பருவத்துக்கு ப்ளூ விங்டு ஆலிவ் என்ற சின்னப் பூச்சிதான் முக்கியம். மேகம் மூடிய, லேசாகத் தூறும் நாளில் நண்பகலுக்குப் பிறகு, சாம்பல்நிற இறக்கையை நிமிர்த்திக்கொண்டு அவை தண்ணீர் மேல் வரிசையாக மிதந்து வரும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அங்கங்கே ஒரு மீனின் மூக்கு மட்டும் மேலே வந்து, சத்தமே இல்லாமல் ஒன்றை உறிஞ்சிக்கொண்டு போகும். அதைக் கண்டால் 18 அல்லது 20 அளவுக் கொக்கியில் செய்த பேரஷூட் ஆடம்ஸ் என்ற மிதக்கும் ஃப்ளையைக் கட்டி, அந்த மூக்குக்கு மூன்று அடி முன்னால், ஓட்டம் வரும் பக்கத்தில் போட்டு மிதக்க விடுங்கள். நூல் இழுக்காமல் பூச்சி தானாக மிதக்க வேண்டும். அதுதான் மொத்த வித்தையும்.

மேலே ஒன்றும் தெரியாத நேரத்தில் மீன் அடியில் தின்கிறது என்று அர்த்தம். நேரத்தில் பெரும்பகுதி அப்படித்தான் போகும். மிதவை இன்டிகேட்டர் ஒன்று, அதற்குக் கீழே ஃபெசன்ட் டெயில், அதற்கும் கீழே ஒன்றரை அடியில் ஸீப்ரா மிட்ஜ் அல்லது ஆர்.எஸ்.2, இவையெல்லாம் மூழ்கும் ஃப்ளைகள். மிதவைக்கும் ஃப்ளைக்கும் இடையே தண்ணீர் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நூல் விடுங்கள். அடி தட்டவில்லை என்றால் நூலில் சின்ன ஈயக்குண்டு ஒன்றைச் சேருங்கள். மிதவை லேசாகத் தயங்கினால்கூட ராடைத் தூக்கிவிட வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் மீன் துப்பிவிடும்.

6. மலை ஏரி: ராக்கி மவுன்டன் தேசியப் பூங்கா

பூங்காவுக்குள் கொலராடோ லைசென்ஸே போதும், தனி மீன்பிடி அனுமதி கிடையாது. ஆனால் உள்ளே போவதற்கு வாகன நுழைவுக் கட்டணம் உண்டு. அதோடு சமீப ஆண்டுகளில் மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நேர முன்பதிவும் கேட்கிறார்கள். ஏரிகள் அதிகம் இருக்கும் பியர் லேக் சாலைக்குத் தனி வகை முன்பதிவு. சாதாரண முன்பதிவை எடுத்துக்கொண்டு அந்தச் சாலை வாசலில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். இலை மஞ்சளாகும் வார இறுதிகள் திறந்த உடனே தீர்ந்துபோகும். வேலை நாளில் லீவு எடுக்க முடிந்தால் எடுங்கள்.

பியர் லேக் சாலை என்றதும் பியர் லேக்கிலேயே தூண்டில் போடத் தோன்றும். அந்த ஏரியில் மீன் பிடிக்கவே கூடாது. அதே சாலையில் இருக்கும் ஸ்ப்ரேக் லேக்கில் பிடிக்கலாம். கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே, சமதரையில், ப்ரூக் ட்ரவுட் நிறைந்த ஏரி. சின்னப் பிள்ளைகளோடு போக இதைவிட நல்ல இடம் இல்லை. நடக்கத் தயார் என்றால் கிளேசியர் கார்ஜ் பாதையில் மில்ஸ் லேக் இருக்கிறது, ஒரு வழிக்கு மூன்று மைலுக்குள். பூங்காவில் சில ஏரிகளில் பிடித்ததைக் கட்டாயம் விட வேண்டும், முள் (கொக்கி நுனியில் பின்னோக்கி நீட்டும் கூர்) இல்லாத கொக்கிதான் போட வேண்டும். க்ரீன்பேக் கட்த்ரோட் என்ற மண்ணின் ட்ரவுட்டைக் காப்பாற்றத்தான் இது. ஏரி வாரியான பட்டியலைப் பூங்காத் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஏரியில் எல்லாரும் நடுவை நோக்கி வீசுவார்கள். மீன் பெரும்பாலும் கரையோரமாகத்தான் சுற்றிவரும். தண்ணீரை விட்டுப் பத்தடி தள்ளி நின்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். ஓடை வந்து சேரும் வாயும் வெளியேறும் வாயும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். பிற்பகலில் காற்று கிளம்பிவிடும், அதனால் ஆற்றுக்குச் சொன்ன நேரத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே ஏரிக்குப் போய்விடுங்கள்.

இந்த ஏரிகள் எல்லாம் எட்டாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் இருப்பவை. தலைவலியும் குமட்டலும் வந்தால் வீரம் காட்டாமல் கீழே இறங்கிவிடுங்கள். செப்டம்பரிலேயே பனி கொட்டும், அதனால் மழைக்கோட்டும் கம்பளித் தொப்பியும் பையில் இருக்கட்டும். செப்டம்பர், அக்டோபரில் எல்க் மான்கள் இணைசேரும் காலம். ஆண் எல்க் ஆளை முட்ட வரும். மொரேன் பார்க் போன்ற புல்வெளிகளில் மாலையிலிருந்து காலை வரை இறங்கி நடக்கத் தடை இருக்கும். அங்கே ஓடும் பிக் தாம்சன் ஆற்றில் பிடிக்கப் போகிறவர்கள் அந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். பூங்காவுக்கு வெளியே, தேசியக் காடுகளில், இது வேட்டைக் காலமும்கூட. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தொப்பியோ சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள்.

7. முட்டை இட்ட இடத்தை மிதிக்காதீர்கள்

ப்ரூக் ட்ரவுட்டும் பிரவுன் ட்ரவுட்டும் இலையுதிர்காலத்தில்தான் முட்டையிடும். பிரவுனுக்கு அக்டோபர், நவம்பர். பெண் மீன் வாலால் அடித்து அடித்துக் கூழாங்கல்லைக் கழுவிக் குழி செய்யும். ஆற்றின் அடி பொதுவாகப் பாசி படிந்து பழுப்பாக இருக்கும். அதன் நடுவே இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வெளிறிப்போன சுத்தமான கூழாங்கல் தெரிந்தால் அதுதான் முட்டைக்குழி. ஓட்டம் வரும் மேல்புறம் பள்ளமாக இருக்கும், ஓட்டம் போகும் கீழ்ப்புறம் மேடாக இருக்கும். முட்டை கிடப்பது அந்த மேட்டுக்குள். பள்ளத்தை மட்டும் தாண்டிவிட்டு மேட்டில் கால் வைக்கிறவர்கள் நிறையப் பேர். முட்டை குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருக்கும். ஒரு பூட்ஸ் மிதியில் ஏகப்பட்ட குஞ்சுகள் போய்விடும். எனவே அக்டோபர் பாதியிலிருந்து ஆழம் குறைந்த கூழாங்கல் பகுதியில் நடப்பதை முடிந்தவரை தவிருங்கள், கரையில் நின்றே வீசுங்கள்.

குழியின் மேல் ஜோடியாக நிற்கும் பெரிய மீன்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், சுலபமாக மாட்டவும் செய்யும். அவற்றைத் தொடாதீர்கள். சட்டம் தடுக்காத இடத்திலும் தொடாதீர்கள் என்றே சொல்வேன். சில இடங்கள் இந்தக் காலத்துக்காகவே மூடப்படும், அந்தந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பாருங்கள். லெவன் மைல் ஏரியிலிருந்து பிரவுன் மீன்கள் மேலேறி வரும், சவுத் பிளாட் ஆற்றின் ட்ரீம் ஸ்ட்ரீம் பகுதிக்கு அக்டோபரில் ஏகப்பட்ட கூட்டம் வரும். புதியவர்கள் முதல் ஆண்டு அங்கே போகாமல் இருப்பது மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

8. பிடித்த பிறகு

கொக்கியின் முள்ளை ஃபோர்செப்ஸால் முதலிலேயே நசுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை பட்டால் மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே கொக்கியை எடுங்கள். போட்டோ வேண்டுமென்றால் முதலில் போனைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, மூச்சை ஒருமுறை அடக்கும் நேரத்துக்கு மட்டும் தூக்குங்கள். பிறகு தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி பிடித்தால், தெம்பு வந்ததும் அதுவே கையை விட்டு நழுவிப்போகும்.

சாப்பிடத்தான் பிடிக்கிறோம் என்றால் அதிலும் தவறில்லை. தனி விதி இல்லாத நீர்நிலைகளில் ஒரு நாளைக்கு நான்கு ட்ரவுட் வரை எடுக்கலாம். துறையினர் மீன் வளர்த்து விடும் சின்ன ஏரிகள்தான் அதற்குச் சரியான இடம். சதை மிருதுவானது, குழம்பில் உதிர்ந்துவிடும். மிளகாய், மஞ்சள் தடவி வறுப்பதுதான் இதற்கு ஏற்றது.

9. கிளம்பும் முன் கழுவுங்கள்

நியூசிலாந்து மட்ஸ்னெயில் என்ற கடுகு போன்ற நத்தை, ஸீப்ரா மசல் சிப்பி, மீன் குஞ்சுகளைச் சுழல வைத்துக் கொல்லும் வர்லிங் நோய், இவையெல்லாம் பூட்ஸோடு ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யக்கூடியவை. அங்கேயே சேற்றைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை வடித்து, வீட்டில் முழுக்கக் காயவிடுங்கள். சனிக்கிழமை டெக்கர்ஸ், ஞாயிற்றுக்கிழமை மலை ஏரி என்று போட்டால் ஈர பூட்ஸ் காயாது. ஒரு வார இறுதிக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் பாதிக்குப் பிறகு மலை ஏரிகளை மறந்துவிடலாம். அணைக்குக் கீழே இருக்கும் ஆறுகளில் மார்ச் 31 வரை இதே லைசென்ஸில் பிடிக்கலாம். ஏப்ரல் 1 அன்று கையில் புதியது இருக்க வேண்டும்.